பேனா யார் கைக்குப் போகிறது? 'பாரோ' பழக ஒரு வழி

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் 13 வருடமாகச் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். தெருவில் தறிச் சத்தம் அடங்கிய பிறகுதான் பாதிப் பேர் வந்து சேர்வார்கள். அவர்களில் பலரும் தடுமாறுகிற ஆங்கிலச் சொல் 'பாரோ' (borrow).

போன மாதம் ஒரு பெண் முதல் இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்து அழுதாள். படிவம் நிரப்பப் பேனா இல்லையாம். பக்கத்தில் இருந்தவரிடம் "ப்ளீஸ் பாரோ மீ யுவர் பென்" என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் உள்ளே போயும் அவளுக்கு வாய் வரவில்லை. நன்றாகப் படிக்கிற பெண். நாம் தமிழில் இரவல் கேட்கிற விதம்தான் அவளை மாட்டிவிட்டது.

"அண்ணே, அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்கண்ணே" என்கிறோம். இதில் வினை அண்ணனுடையது, கொடுக்கிறவர் அவர். ஆங்கிலத்தில் பெரும்பாலும் இதைத் திருப்பிப் போட்டு, 'நான் வாங்கிக்கொள்ளட்டுமா' என்று கேட்பார்கள்: "கேன் ஐ பாரோ யுவர் பென்?" பாரோ என்றால் இரவல் வாங்கு. அண்ணனை வைத்தே ஆரம்பிக்க வேண்டுமா, சரி, அப்போது வினை லெண்ட்: "குட் யூ லெண்ட் மீ யுவர் பென்?" லெண்ட் என்றால் இரவல் கொடு. தமிழ் வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு பாரோவை மட்டும் செருகினால் 'எனக்கு வாங்குங்க' என்று ஆகிவிடுகிறது.

வகுப்பில் நான் ஒரே ஒரு பேனாவை வைத்துத்தான் பழக்குகிறேன். கேட்கிறவர் நெஞ்சில் கை வைத்து 'ஐ பாரோ' என்று தொடங்க வேண்டும். கொடுக்கிறவர் கையை நீட்டி 'ஐ லெண்ட்' என்று சொல்ல வேண்டும். பேனா ஒரு சுற்று வந்ததும் யாரிடமிருந்து என்பதைச் சேர்க்கிறோம். பாரோவோடு வருவது 'ஃப்ரம்': "ஐ பாரோட் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் ஃப்ரம் மை அங்கிள்." மாமாவிடம் கைமாத்து வாங்கியதை அப்படியே சொல்லிவிடலாம். வட்டிக்கு பேங்கில் வாங்கினாலும் இதே சொல்தான். சிம்மக்கல் நூலகத்தில் புத்தகம் எடுத்து வருவதும் பாரோதான். வாடகை சைக்கிளுக்கு மட்டும் இது ஆகாது. காசு கொடுத்து எடுப்பது ரெண்ட்.

சீனர்களுக்கும் இதே இடத்தில்தான் குழப்பம். அவர்கள் மொழியில் 'ஜியே' என்ற ஒரே வினை வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் வருகிறது. கூட வருகிற சொற்களை வைத்துத்தான் எந்தப் பக்கம் என்று தெரியும். ஜெர்மன் மொழியில் 'போர்கன்' என்ற சொல்லும் அப்படியே. பாரோவும் அந்தப் போர்கனும் ஒரே குடும்பம். பழைய ஆங்கிலத்தில் 'போர்க்' என்றால் பிணை, நம் பேச்சில் ஜாமீன். அதிலிருந்து வந்த 'போர்கியன்' என்ற வினைக்குக் கடன் கொடு, ஜாமீன் நில் என்றெல்லாம் பொருள் இருந்தது. ஒரு காலத்தில் கொடுக்கிறவர் பக்கமும் நின்ற சொல்தான் இன்று வாங்குகிறவர் பக்கம் மட்டும் நிற்கிறது. இதைச் சொன்னதும் வகுப்பில் எல்லோர் முகமும் தெளிந்துவிடும். தங்களுக்கு மட்டும் வருகிற தவறு இல்லை என்று தெரிகிறதே! நம் இரவல் 'இர' என்ற வினையில் பிறந்தது, அதாவது கையேந்திக் கேட்பது. ஆங்கிலச் சொல் ஜாமீனில் பிறந்தது. எனக்கு மிகவும் பிடித்த வித்தியாசம் இது.

கணக்கிலும் பாரோ உண்டு. 52-இல் 17-ஐக் கழிக்கும்போது, "2-இல் 7 போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தார்களே, அந்தக் கடன் வாங்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். எது மறந்தாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: 2 வாங்குகிறது, 5 கொடுக்கிறது. பாரோ 2-க்கு, லெண்ட் 5-க்கு.

அந்தப் பெண் இப்போது பையில் பேனா வைத்துக்கொண்டே தினமும் யாரிடமாவது ஒன்றைக் கேட்டு வாங்கி எழுதுகிறாள்.