அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் இனம்: வழக்குகளை வாசிக்கும் முறை

அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் விண்ணப்பதாரரின் இனத்தைக் கணக்கில் கொள்ளலாமா என்ற விவாதத்தைப் பின்தொடர விரும்பும் தமிழ் வாசகர், முதலில் ‘இட ஒதுக்கீடு’ என்ற சொல்லைச் சற்று ஓரமாக வைத்துவிட வேண்டும். 69 சதவீதம், கட்-ஆஃப், தரவரிசைப் பட்டியல் என்றே எண்ணிப் பழகியவர்கள் நாம். அங்கோ, இன்ன இனத்துக்கு இத்தனை இடம் என்று எண் குறித்து ஒதுக்குவதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே தடுத்துவிட்டது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16-ஐச் சிறுபான்மையினருக்கென எடுத்து வைத்திருந்ததை எதிர்த்து, அங்கே இடம் கிடைக்காத வெள்ளையரான ஆலன் பாக்கி தொடுத்த வழக்கு அது.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி லூயிஸ் பவல் எழுதிய பகுதியை நிதானமாகப் படியுங்கள். சமூகம் பொதுவாக இழைத்த அநீதிக்கு ஈடுசெய்வதற்காக இனம் பார்ப்பதை அவர் ஏற்கவில்லை. பலதரப்பட்ட மாணவர்கள் கூடிப் படிப்பது எல்லோருடைய கல்விக்கும் நல்லது என்பதற்காக, பல அம்சங்களில் ஒன்றாக இனத்தைப் பார்க்கலாம் என்றார். அதன் பிறகு பல்கலைக்கழகங்கள் ‘பன்முகத்தன்மை’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். மனத்தில் அடிமைமுறையின் வரலாறு இருந்தாலும், வாயில் வகுப்பறையின் நன்மையே வர வேண்டியிருந்தது. இதை நினைவில் வைத்தால், இரு தரப்பும் சுற்றி வளைத்துப் பேசுவது ஏன் என்பது விளங்கும்.

அடுத்து, மிச்சிகன் பல்கலைக்கழகம் பற்றி 2003-இல் ஒரே நாளில் வந்த இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். இளநிலைச் சேர்க்கைக்கு அப்பல்கலைக்கழகம் 150 புள்ளிகள் கொண்ட அட்டவணை ஒன்றை வைத்திருந்தது. 100 எடுத்தால் பெரும்பாலும் இடம் உறுதி. கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பூர்வகுடியினர் ஆகியோருக்கு 20 புள்ளி, மிச்சிகன் மாநிலத்தவருக்கு 10, அங்கே படித்தவரின் பிள்ளைக்கு 4. எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றாலும் 12தான். இந்த அட்டவணையை நீதிமன்றம் தள்ளியது. அதே பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி, புள்ளி எதுவும் போடாமல் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் முழுமையாகப் பார்க்கிறோம் என்றது. அது 5-4 என்ற கணக்கில் தப்பியது. என் பார்வையில் இந்த விவாதத்தின் பெரிய முரண் இதுவே: கணக்கைத் திறந்து காட்டியவர் தோற்றார், மூடிய அறைக்குள் எடை போட்டவர் வென்றார்.

அந்த மூடிய அறையைத்தான் ஹார்வர்டுக்கு எதிராக 2014-இல் தொடுக்கப்பட்ட வழக்கு திறந்தது. அதன் ஆவணங்களில் கவனிக்க வேண்டியது, ஆளுமைக்கு இடப்பட்ட மதிப்பெண். படிப்பில் முன்னணியில் இருந்த ஆசிய அமெரிக்கர்களுக்கு அதில் சராசரியாகக் குறைவாகவே கிடைத்திருந்தது. இதை வைத்து வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்கள் என்று கொள்ள முடியாது என 2019-இல் விசாரணை நீதிபதி முடிவு செய்தார். 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஹார்வர்டு வழக்கில் 6-2 என்றும் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு எதிரான இணை வழக்கில் 6-3 என்றும் இனம் சார்ந்த சேர்க்கை முறையைத் தடை செய்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸின் தீர்ப்பைப் படிப்பவர்கள் கடைசிப் பக்கங்களை விட்டுவிடக் கூடாது. இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதினால் அதைக் கல்லூரி கருதலாம். ஆனால் பாராட்ட வேண்டியது அவருடைய துணிவையோ உறுதியையோ, இனத்தை அல்ல. அங்குள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையும், ‘நான் தெற்காசியர்’ என்று அறிவிப்பதை விட, பள்ளியில் தன் பெயரைத் திரித்துக் கூப்பிட்டவர்களை எப்படி எதிர்கொண்டார் என்று எழுதுவதுதான் பொருந்தும்.

தீர்ப்புக்குப் பிந்தைய எண்களைப் பார்க்கும்போது ஒரு கல்லூரியை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். 2024-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) சேர்ந்தவர்களில் கறுப்பினத்தவர் பங்கு, முந்தைய ஆண்டுகளின் 13 சதவீதத்திலிருந்து 5 ஆகச் சரிந்தது. ஆசிய அமெரிக்கர் 41-லிருந்து 47 ஆனார்கள். அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் கறுப்பினத்தவர் பங்கு 14 சதவீதமாக மாறாமலே நிற்க, ஆசிய அமெரிக்கர் 30-லிருந்து 24 ஆகக் குறைந்தார்கள். இனத்தைக் குறிப்பிடாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இத்தகைய எண்களுக்குப் பொருள் கிடைக்கும்.

‘தகுதி’ என்ற சொல் வரும்போதெல்லாம் இன்னொரு வரிசையையும் கேட்டுப் பாருங்கள். விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவரின் பிள்ளைகள், நன்கொடையாளர் போன்றோருக்கு வேண்டியவர்கள், ஆசிரியரின் பிள்ளைகள் ஆகிய நான்கு வகையினரும் ஹார்வர்டு விண்ணப்பதாரர்களில் சுமார் 5 சதவீதம். இடம் பெற்றவர்களில் சுமார் 30 சதவீதம். இந்தத் தீர்ப்பு அவர்களைத் தொடவில்லை. மேரிலாந்தும் கலிஃபோர்னியாவும் 2024-இல் சட்டம் இயற்றி, தனியார் கல்லூரிகளிலும் முன்னாள் மாணவர், நன்கொடையாளர் உறவுச் சலுகையை நிறுத்தச் சொன்னன. மற்ற மாநிலங்களில் எந்தக் கல்லூரியைப் பற்றிப் படித்தாலும், அந்தச் சலுகை அங்கே இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.