கிராஸ் சிலிண்டர் பிடிக்கும்போது ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்ற பதிலுக்குக் காத்திருங்கள்

கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி, திரும்பி வரும் ஒளி நிழலை வைத்துப் பவரைக் கணிக்கும் ரெட்டினோஸ்கோப் கைக்குப் பழகிய பிறகும் ரிஃப்ராக்‌ஷன் (கண்ணாடிக்குப் பவர் பார்க்கும் பரிசோதனை) கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறி நிற்கிற இடம் கிராஸ் சிலிண்டர், அதாவது கண்முன் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டும் சின்ன லென்ஸ். லென்ஸைத் திருப்பத் தெரியும், சிவப்புப் புள்ளி பக்கம் போக வேண்டும் என்பதும் மனப்பாடம், ஆனால் நாற்காலியில் இருப்பவர் “ரெண்டுமே மங்கலாத்தான் தெரியுது” என்று சொன்ன நொடியில் கை அப்படியே நின்றுவிடும். நானும் ஆரம்பத்தில் மாதக்கணக்கில் அப்படி நின்றவன்தான். அந்த லென்ஸ் எதற்கு என்பதையே தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். அது படத்தைத் தெளிவாக்க வந்த லென்ஸ் இல்லை, வேண்டுமென்றே இரண்டு விதமாகக் கெடுத்துக் காட்டுகிற லென்ஸ். இரண்டு பக்கமும் ஒரே அளவு கெட்டுத் தெரிந்தால், கண்முன் நீங்கள் ஏற்கெனவே போட்டிருக்கும் சிலிண்டர் (சிதறல் பார்வையைத் திருத்தும், ஒரு திசையில் மட்டும் பவர் உள்ள லென்ஸ்) சரி. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் கைவேலை.

லென்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். ±0.25 என்று போட்டிருந்தால் ஒரு மெரிடியனில் (லென்ஸின் நடுவழியாகப் போகும் திசையில்) +0.25 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு), அதற்குச் செங்குத்தான மெரிடியனில் -0.25. பவர் எழுதுகிற முறையில் சொன்னால் +0.25 ஸ்பியரோடு (எல்லாத் திசையிலும் ஒரே பவர்) -0.50 சிலிண்டர். கூட்டிப் பார்த்தால் சராசரி பூஜ்யம் என்பதால் ஸ்பியரை அது தொடுவதே இல்லை, சிலிண்டரை மட்டும் ஆட்டிப் பார்க்கிறது. வழக்கமாகச் சிவப்புப் புள்ளிகள் மைனஸ் சிலிண்டரின் ஆக்ஸிஸ் (அதன் பவர் இல்லாத திசை, டிகிரியில் சொல்வது), வெள்ளைப் புள்ளிகள் பிளஸ் சிலிண்டரின் ஆக்ஸிஸ். உங்கள் லென்ஸிலும் அப்படித்தானா என்று ஒருமுறை லென்சோமீட்டரில் (லென்ஸின் பவரை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டால் நிம்மதி. கைப்பிடி இரண்டுக்கும் நடுவில் 45 டிகிரியில் இருக்கும், அதனால்தான் விரலிடுக்கில் சுழற்றியதும் சிவப்பும் வெள்ளையும் இடம் மாறிக்கொள்கின்றன. அமெரிக்கக் கண் மருத்துவர் எட்வர்ட் ஜாக்சன் 1887-இல் பவர் பார்க்கவும், பிறகு 1907-இல் ஆக்ஸிஸ் பார்க்கவும் இதைப் பயன்படுத்தும் முறையை எழுதினார். இன்று ஃபோராப்டரில் (முகத்தின் முன் வைத்து லென்ஸ்களை மாற்றி மாற்றிக் காட்டும் கருவி) இருப்பதும் அதே லென்ஸ்தான், கைப்பிடிக்குப் பதில் ஒரு திருகு.

சிலிண்டரைத் தொடுவதற்கு முன்னால் ஸ்பியரை முடிக்க வேண்டும். சிதறல் பார்வை உள்ள கண்ணில் ஒளி ஒரு புள்ளியில் சேராது, முன்னும் பின்னுமாக இரண்டு கோடுகளாகச் சேரும். அந்த இரண்டுக்கும் இடையில், எல்லாத் திசையிலும் ஒரே அளவு மங்கலான ஒரு வட்டம் உண்டு. அந்த வட்டம் விழித்திரை மேல் விழுந்திருந்தால்தான் கிராஸ் சிலிண்டர் கேட்கிற கேள்விக்கு நேர்மையான பதில் வரும். வட்டம் விழித்திரைக்கு முன்னால் நின்றால் அதைப் பின்னால் தள்ள கண்ணிடம் எந்த வழியும் இல்லை. பின்னால் நின்றாலோ இளவயதுக்காரரின் கண் தானே ஃபோகஸ் செய்து முன்னே இழுத்துக்கொள்ளும். ஆகவே சிறுவயதினருக்கு இந்தக் கட்டத்தில் மட்டும் கால் டயாப்டர் மைனஸ் கூடுதலாக, அதாவது டுயோக்ரோமில் (சிவப்பு, பச்சைப் பின்னணியில் எழுத்துக் காட்டும் சோதனை) பச்சைப் பக்கம் லேசாகச் சாய்ந்தபடி, விட்டுவைத்தால் தப்பில்லை. ஐம்பது, அறுபது வயதுக்காரரிடம் அந்தச் சலுகை கிடையாது, அவருக்கு ஸ்பியர் துல்லியமாக உட்கார வேண்டும்.

எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஆங்கில ‘ஓ’, ‘சி’ போல வட்டமான எழுத்து, இல்லாவிட்டால் புள்ளிக் கூட்டம், அவர் படிக்கிற கடைசி வரிக்கு ஒன்றிரண்டு வரி மேலே. ‘ஈ’, ‘எச்’ மாதிரி கோடுகளால் ஆன எழுத்தைக் காட்டினால் படுக்கைக் கோடு கறுப்பாகத் தெரிகிற பக்கத்தையே அவர் தேர்ந்தெடுப்பார், அது எழுத்தைப் பற்றிய பதில், கண்ணைப் பற்றியது இல்லை. பார்வை 6/12 (மற்றவர் 12 மீட்டரிலேயே படிப்பதை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார்) அல்லது அதைவிட மோசம் என்றால் ±0.25 காட்டும் வித்தியாசம் அவருக்குத் தெரியாது, ±0.50 லென்ஸை எடுங்கள்.

இப்போது கேள்வி கேட்கிற விதம். பாதி ரிஃப்ராக்‌ஷன் இங்கேதான் கெட்டுப்போகிறது. “எது தெளிவா இருக்கு?” என்று கேட்டால், இரண்டுமே தெளிவாக இல்லாதபோது அவர் என்ன சொல்வார்? தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துவிடுவார், அல்லது உங்களைத் திருப்திப்படுத்த ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்பார். நான் லென்ஸை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன்: “அம்மா, இப்ப ரெண்டு படம் காட்டுவேன். ரெண்டுமே கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும், அது சரிதான். எதுல அந்த வட்டம் கொஞ்சம் பரவாயில்லைன்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டும் ஒரே மாதிரின்னா அதையும் சொல்லலாம், அதுவும் பதில்தான்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பரீட்சை எழுதுகிற மனநிலையில் உட்கார்ந்திருப்பவருக்கு, ‘ஒன்றுதான்’ என்று சொல்ல அனுமதி கொடுத்தால்தான் சொல்வார்.

அப்புறம், “ஒன்று, இரண்டு” என்று காட்டிவிட்டு அடுத்த ஜோடிக்கும் “ஒன்று, இரண்டு” என்றே சொல்லாதீர்கள், “மூன்று, நான்கு” என்று தொடருங்கள். சிலருக்கு ‘இரண்டு’ என்று சொல்லிச் சொல்லி வாய் அதிலேயே பழகிவிடும். எந்தப் பக்கத்தை முதலில் காட்டுகிறீர்கள் என்பதையும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஒன்றிரண்டு நொடி நிறுத்துங்கள், விசிறி மாதிரி படபடவென்று திருப்பினால் அவர் பார்ப்பதற்குள் படம் போய்விடும்.

முதலில் ஆக்ஸிஸ், பிறகுதான் பவர். ஆக்ஸிஸ் தவறியிருக்கும்போது பவரைத் திருத்தினால், பெரும்பாலும் தேவைக்குக் குறைவான சிலிண்டரில் போய் நிற்பீர்கள்.

ஒரு கண்ணை எடுத்துக்கொள்வோம். ரெட்டினோஸ்கோப்பியில் ஸ்பியர் -1.00, சிலிண்டர் -1.50, ஆக்ஸிஸ் 10 என்று வந்திருக்கிறது. கிராஸ் சிலிண்டரின் கைப்பிடியை 10 டிகிரியில் பிடியுங்கள். ஒரு பக்கத்தில் சிவப்புப் புள்ளி 55-இல் நிற்கும், திருப்பினால் 145-இல் நிற்கும், ஆக்ஸிஸுக்கு இருபுறமும் 45 டிகிரி. அவர் 55 பக்கத்தைப் “பரவாயில்லை” என்கிறார். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். 10-இல் இருக்கும் உங்கள் மைனஸ் சிலிண்டரும் 55-இல் வந்து நிற்கும் லென்ஸின் மைனஸ் சிலிண்டரும் சேர்ந்தால், மொத்த ஆக்ஸிஸ் 10-லிருந்து கொஞ்சம் 55 பக்கமாகச் சாயும். அப்படிச் சாய்ந்ததில் படம் தேறியது என்றால் உண்மையான ஆக்ஸிஸ் அந்தப் பக்கம்தான். சிவப்பைத் துரத்து என்று மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டுக்கு அர்த்தம் அவ்வளவுதான்.

ஆக்ஸிஸை 20-க்குக் கொண்டுபோங்கள், கைப்பிடியும் கூடவே 20-க்கு வர வேண்டும். (சோதனை லென்ஸ்களை மாட்டிப் பார்க்கும் ட்ரையல் ஃபிரேமில் இதை மறப்பது சுலபம். ஃபோராப்டரில் அதுவே கூடச் சுற்றிவிடும்.) இப்போது சிவப்பு 65-இலும் 155-இலும். அவர் 155 பக்கத்தைச் சொல்கிறார், அதாவது தாண்டிவிட்டோம். பாதி தூரம் திரும்பி 15. அங்கே கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இது... இல்ல, ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்கிறார். அந்தத் தயக்கத்தைக் கவனியுங்கள். முதல் தடவை பட்டென்று பதில் சொன்னவர் இப்போது யோசிக்கிறார் என்றாலே நீங்கள் ஊருக்குள் வந்துவிட்டீர்கள்.

எத்தனை டிகிரி நகர்த்துவது என்பது சிலிண்டரின் பவரைப் பொறுத்தது. ஆக்ஸிஸ் விலகினால் மிச்சமாகும் சிலிண்டருக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: சிலிண்டர் பவரை இரண்டால் பெருக்கி, விலகிய கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். 0.50 சிலிண்டர் 10 டிகிரி விலகினால் மிச்சம் 0.17 டயாப்டர், அதை யாரும் பெரிதாக உணர மாட்டார்கள். 3.00 சிலிண்டர் வெறும் 5 டிகிரி விலகினாலே மிச்சம் 0.52. 30 டிகிரி விலகிவிட்டால் சிலிண்டர் போட்டும் போடாத கதை, இருந்த அளவு சிதறல் அப்படியே வேறொரு திசையில் நிற்கும். ஆகவே அரை டயாப்டர் சிலிண்டரில் 15, 20 டிகிரி என்று தாராளமாக நகருங்கள், ஒன்றுக்குப் பத்து, இரண்டுக்கு ஐந்து, அதற்கு மேல் இரண்டு மூன்று டிகிரியாக நெருங்குங்கள். 0.50 சிலிண்டரை 2 டிகிரி நகர்த்திவிட்டு “இப்ப எப்படி?” என்று கேட்பது அவரைக் களைப்பாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யாது.

பவருக்கு வருவோம். லென்ஸை 45 டிகிரி திருப்பி, புள்ளிகள் நேராக ஆக்ஸிஸ் மேல், நம் கண்ணில் 15-இல், உட்காரும்படி பிடியுங்கள். சிவப்பு ஆக்ஸிஸ் மேல் இருக்கும்போது நன்றாக இருந்தால் சிலிண்டரை -0.25 கூட்டுங்கள், வெள்ளை இருக்கும்போது என்றால் குறையுங்கள். அவர் சிவப்பு என்கிறார், -1.75. மறுபடியும் சிவப்பு, -2.00. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். சிலிண்டரில் -0.50 கூட்டினால் ஸ்பியரில் +0.25 கொடுக்க வேண்டும், -1.00 என்பது -0.75 ஆக வேண்டும். செய்யாவிட்டால் அந்த மங்கல் வட்டம் விழித்திரையை விட்டு நகர்ந்துவிடும், அப்புறம் வருகிற பதிலில் சிலிண்டரும் ஸ்பியரும் கலந்தே வரும். கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் கேட்டுத் தலையாட்டிவிட்டு எல்லோரும் மறக்கிற ஒன்று இது. சரி, -2.00-இல் கேட்டால் வெள்ளை என்கிறார், -1.75-இல் சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தால் குறைந்ததை எடுங்கள், -1.75. ஸ்பியர் மறுபடி -1.00. சிலிண்டர் முதலில் இருந்ததைவிட அரை டயாப்டரோ அதற்கு மேலோ மாறியிருந்தால் ஆக்ஸிஸை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

ரெட்டினோஸ்கோப்பியில் சிலிண்டரே இல்லை என்றாலும் தேடிப் பார்க்கலாம். சிவப்பை 90, 180, 45, 135 என்று வைத்துக் காட்டுங்கள். ஏதாவது ஓர் இடத்தைத் தெளிவாகத் தேர்ந்தெடுத்தால் அங்கே -0.25 போட்டு, மேலே சொன்ன மாதிரி திருத்துங்கள். மாறாக, வெள்ளை வெள்ளை என்றே சொல்லி சிலிண்டர் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால், ஆரம்ப ஆக்ஸிஸே 90 டிகிரி தப்பாக இருந்திருக்கலாம், எதிர்த் திசையில் பாருங்கள்.

சில நேரம் பதில் எதிலும் நிலைக்காது. முதலில் கண் சிமிட்டச் சொல்லுங்கள், கண் காய்ந்திருந்தால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் படம் மாறும். ஸ்பியரைத் திரும்பப் பாருங்கள். அதற்கும் மசியாமல், 40 டிகிரி ஆட்டினாலும் “ஒன்றுதான்” என்கிறார், பார்வையும் 6/6 வரவில்லை என்றால் கேள்வியை நிறுத்திவிட்டு ரெட்டினோஸ்கோப்பைத் திரும்ப எடுங்கள். நிழல் கத்தரிக்கோல் மாதிரி திறந்து மூடினால் கெரடோகோனஸ் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலமான கார்னியா கூம்பாகப் பிதுங்கும் நோய்) இருக்கிறதா என்று கார்னியாவைப் பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டுக் கிராஸ் சிலிண்டரோடு மல்லுக்கட்டுவது வீண்.

என் கதை ஒன்று. ஒரு பெரியவருக்கு -2.50 சிலிண்டர், ஆக்ஸிஸ் மிகச் சுத்தமாக வந்தது, பார்வை 6/6, பெருமையாக எழுதிக்கொடுத்தேன். இரண்டு வாரத்தில் கண்ணாடியோடு திரும்பி வந்துவிட்டார், “தரை சாயுது தம்பி.” அவருக்கு ஒரு காது இன்னொன்றைவிடக் கொஞ்சம் உயரம். ட்ரையல் ஃபிரேம் அன்று சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, நான் எழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. 7 டிகிரி தவறு. கணக்குப் போட்டால் 0.60 டயாப்டருக்கும் மேல் மிச்சம். இப்போதெல்லாம் லென்ஸை எடுப்பதற்கு முன் இரண்டடி பின்னால் போய் நின்று, ஃபிரேம் புருவத்தோடு ஒத்திருக்கிறதா, தலை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். ஃபோராப்டர் என்றால் அதிலிருக்கும் நீர்மட்டக் குமிழி, பிறகு தாடை.

சிலிண்டர் முடிந்ததும் ஸ்பியரை மறுபடி பாருங்கள், விட்டுவைத்த கால் டயாப்டர் மைனஸை இங்கே எடுத்துவிட வேண்டும். எழுத்து “சின்னதா, நல்ல கறுப்பா” ஆகிறது என்றால் மைனஸ் கூடிவிட்டது, கூடுதலாக ஓர் எழுத்து படித்தால்தான் கூடுதல் மைனஸ். பிறகு பழைய கண்ணாடியை லென்சோமீட்டரில் வைத்து ஒப்பிடுங்கள். ஆக்ஸிஸோ சிலிண்டரோ நிறைய மாறியிருந்தால், அதிலும் ஆக்ஸிஸ் 45, 135 பக்கம் சாய்வாக இருந்தால், ட்ரையல் ஃபிரேமோடு பத்து நிமிடம் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். படி இறங்கட்டும், கதவு நிலையைப் பார்க்கட்டும். நிலை சாய்ந்து தெரிகிறது என்றால் சிலிண்டரைக் கொஞ்சம் குறைத்தோ ஆக்ஸிஸைப் பழையதன் பக்கம் கொஞ்சம் நகர்த்தியோ இன்னொரு சுற்று நடக்கவிடுங்கள், காகிதத்தில் எழுதுவது அதற்கப்புறம்.