ரெப்போ குறைந்தது, தவணை ஏன் குறையவில்லை?

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான ரெப்போ வட்டியைக் கால் சதவீதம் குறைத்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் குறைப்பு அது. அன்று மாலையே என் மைத்துனர் அழைத்துவிட்டார். "மாமா, அடுத்த மாதம் வீட்டுக் கடன் தவணை குறைந்துவிடும் இல்லையா?" ஏப்ரலில் இன்னொரு கால், ஜூனில் அரை, டிசம்பரில் மறுபடியும் கால். 6.50-இல் இருந்த ரெப்போ 5.25-க்கு வந்து சேர்ந்தது. அவர் கணக்கிலிருந்து மட்டும் மாதம் பிறந்தால் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் அதே தொகை போய்க்கொண்டிருந்தது.

கிரயப் பத்திரம் பதிவதற்கு ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ராகு காலம் எமகண்டம் தவிர்த்து டோக்கன் வாங்கியவர் அவர். கடன் ஒப்பந்தத்தில் மட்டும் காட்டிய இடங்களிலெல்லாம் பேனா ஓடியிருக்கிறது, கண் ஓடவில்லை. வீட்டுக் கடன் வாங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இங்கே தொடங்குகிறது: நாட்டின் வட்டி விகிதத்தைத் தெரிந்துவைத்திருப்பார்கள், தங்கள் கடனின் வட்டி எதைப் பார்த்து ஏறி இறங்குகிறது என்பதைத் தெரிந்துவைத்திருக்க மாட்டார்கள்.

2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வங்கிக்கு வெளியே உள்ள ஓர் அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவை எடுத்துக்கொண்டன. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியை அதற்கேற்ப மாற்ற வேண்டும். அதற்கு முன் வாங்கிய கடன்கள், பணம் திரட்டும் செலவைப் பார்த்து வங்கியே வட்டி வைக்கும் எம்.சி.எல்.ஆர். முறையிலோ அதற்கும் பழைய அடிப்படை வட்டி முறையிலோ கிடக்கலாம். நாமாகக் கேட்டால்தான் மாற்றித் தருவார்கள். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கோ இந்தக் கட்டாயமே இல்லை. அவை தங்களுக்கென்று வைத்திருக்கும் அளவுகோலைத் தங்கள் வேகத்தில் நகர்த்தும். மைத்துனர் 2021-இல் கடன் வாங்கியது அப்படியொரு நிறுவனத்தில்தான். ரெப்போ குறைந்தது அவர் வீட்டு வாசல்வரை வரவே இல்லை.

ரெப்போவோடு இணைந்த கடனிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உங்கள் வட்டி என்பது ரெப்போவும் அதன் மேல் வங்கி வைக்கும் கூடுதலும் சேர்ந்தது. ரெப்போ எல்லோருக்கும் ஒன்று. கூடுதல் ஆளுக்கு ஆள் வேறு. புது வாடிக்கையாளரை இழுக்க வங்கி இன்று குறைவான கூடுதலைக் கொடுத்துக்கொண்டிருக்கும்; ஒழுங்காகத் தவணை கட்டும் பழையவர் நாலு வருடத்துக்கு முன் எழுதிய கூடுதலையே சுமந்துகொண்டிருப்பார். விளம்பரப் பலகையில் இருக்கும் வட்டியையும் உங்கள் கணக்கு அறிக்கையில் இருக்கும் வட்டியையும் வருடத்துக்கு ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கிளைக்குப் போய்க் கேட்கலாம். ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு குறைப்பார்கள். மறுத்தால் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாம். தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது. புது வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமானத்தைப் புதிதாகப் பதியும் செலவு இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு மாறுங்கள். கடன் முடிய மூன்று நான்கு வருடமே இருந்தால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

இனி நான் பெரிய தவறு என்று நினைப்பதற்கு வருகிறேன். தவணைத் தொகையை மட்டும் பார்த்து, எத்தனை மாதம் பாக்கி என்பதைப் பார்க்காமல் இருப்பது.

2020 மே முதல் இரண்டு ஆண்டுகள் ரெப்போ 4 சதவீதத்தில் நின்றது. அந்தக் காலத்தில் 6.7 சதவீதத்துக்கு 50 லட்சம், 20 ஆண்டுக் கடன் வாங்கியவருக்கு மாதத் தவணை ஏறக்குறைய 37,870 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.50-க்குப் போய்விட்டது. அவருடைய வட்டியும் அதே இரண்டரை சதவீதம் ஏறி 9.2 ஆனது என்று வையுங்கள். 50 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டும் 38,333 ரூபாய். அதாவது கட்டும் தவணை வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்குப் பதிலாக வளரும். ஓரளவு அசலை அடைத்திருந்தவர்களுக்கு நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஆனாலும் பலருக்கு வங்கி தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிட்டது. தொகை மாறாததால் யாரும் கவனிக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதில் முடியவேண்டிய கடன் ஓய்வுபெற்ற பிறகும் தொடரும் என்பது, எதற்கோ கணக்கு அறிக்கை எடுத்தபோதுதான் தெரிந்தது.

இந்தக் குறைகள் குவிந்தபின் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று கடன் வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம் என்று அது சொன்னது. உரிமை இருக்கிறது; அதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

இதே கணக்கு இறங்கும்போது நமக்குச் சாதகமாக வேலை செய்யும். 9 சதவீதத்தில் 50 லட்சம், 20 ஆண்டு என்றால் தவணை 44,986. வட்டி 7.75-க்கு இறங்கியதும் தவணையைக் குறைக்கச் சொன்னால் 41,047 ஆகும். கையில் மாதம் நாலாயிரம் ரூபாய் மிஞ்சும், அது எங்கே போயிற்று என்றும் தெரியாது. பழைய தொகையையே கட்டினால் 240 மாதம் 197 மாதமாகச் சுருங்கும். மூன்றரை வருடத்துக்கு மேல் மிச்சம். ஆகவே, ரெப்போ குறைந்தும் தவணை குறையவில்லை என்று கோபப்படுவதற்கு முன் அறிக்கையைப் பாருங்கள். சில வங்கிகள் தொகையை அப்படியே வைத்துக் காலத்தைத்தான் குறைக்கின்றன. வேலைக்கு ஆபத்து, வீட்டில் மருத்துவச் செலவு என்று இருப்பவர்கள் தவணையைக் குறைத்துக்கொள்வதில் தப்பில்லை. மற்றவர்கள் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

வட்டி இன்னும் குறையட்டும், அப்போது வாங்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ரெப்போ இரண்டரை சதவீதம் ஏறிய 2022, 2023 ஆண்டுகளில் பெருநகரங்களில் வீட்டு விற்பனை படுத்துவிடவில்லை, கூடியது. சம்பள உயர்வு, பெருந்தொற்றுக்குப் பிறகு சொந்த வீட்டின் மேல் வந்த ஆசை, அதற்கு முன் பல ஆண்டுகள் விலை அசையாமல் கிடந்தது எல்லாம் சேர்ந்து வட்டியை மீறிவிட்டன. விலை வட்டியைப் பார்த்து மட்டும் நடப்பதில்லை. மேலும், ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைப்பது விலைவாசி தணிந்திருக்கும்போதோ பொருளாதாரத்துக்குத் தெம்பு தேவைப்படும்போதோதான். கடன் மலிவாகும் காலம் வேலைச் சந்தை மந்தமான காலமாகவும் இருக்கக்கூடும். அதே குறைப்பு அப்பாவின் வைப்புத்தொகை வட்டியையும் குறைக்கும். அந்த வட்டியை நம்பி முன்பணத்துக்குத் திட்டம் போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

யூடியூபில் அமெரிக்க வீட்டுச் சந்தை பற்றிய காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே விலை சரியும் என்று ஆரூடம் சொல்பவர்கள் வேறு இருக்கிறார்கள். அங்கே பெரும்பாலான கடன்கள் 30 ஆண்டுக்கு நிலையான வட்டி. 2021-இல் 3 சதவீதத்துக்கும் குறைவாக வாங்கியவர், 2023 அக்டோபரில் புதுக் கடன் 8 சதவீதத்தை நெருங்கியபோது, வீட்டை விற்றுவிட்டு நகர மனம் வராமல் உட்கார்ந்துவிட்டார். விற்பனைக்கு வரும் வீடுகள் குறைந்தன. இங்கே கடன்கள் பெரும்பாலும் மாறும் வட்டி. அந்தப் பூட்டு நமக்கு இல்லை. நம் வங்கிகள் 'நிலையான வட்டி' என்று விற்பதும் பல நேரம் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்கு மட்டுமே நிலையாக இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கைக்காசைக் குறைத்துக் கணக்கிடுவது இன்னொரு தவறு. 80 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு என்றால் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், 64 லட்சம் கொடுக்கலாம். மீதி 16 லட்சம் நம்முடையது. அதற்கு மேல் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஏறத்தாழ 7.2 லட்சம். பொதுவாக வங்கி இதை வீட்டின் விலையில் சேர்ப்பதில்லை. 23 லட்சத்துக்கு மேல் வேண்டிய இடத்தில் 16 லட்சத்தோடு போய் நின்று, கடைசி வாரத்தில் நகையை அடகு வைத்தும் சீட்டைத் தள்ளி எடுத்தும் தனிநபர் கடன் வாங்கியும் சமாளிக்கிறார்கள். கால் சதவீத வட்டிக்காக நாலு வங்கி ஏறி இறங்கியதன் பலன் அங்கேயே கரைந்துவிடும்.

வரிச் சலுகைக்காகக் கடன் வாங்குகிறேன் என்பவர்கள், தாங்கள் எந்த வரி முறையில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளட்டும். புதிய முறையில், குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் கழிவு கிடையாது.

மைத்துனர் ஒருவழியாகக் கடனை ஒரு வங்கிக்கு மாற்றிவிட்டார். தவணையைப் பழையபடியே வைத்துக்கொண்டதில் முப்பது மாதத்துக்கு மேல் குறைந்ததாம். போன வாரம் மறுபடியும் அழைத்தார். "வட்டிதான் குறைந்திருக்கிறதே மாமா, வாடகைக்கு விட இன்னொரு ஃபிளாட் பார்க்கட்டுமா? 70 லட்சம். மாதம் 18,000 வாடகை வரும்."

வருடத்துக்கு 2.16 லட்சம். போட்ட பணத்துக்கு மூன்று சதவீதம் சொச்சம். அதிலும் பராமரிப்பு, சொத்து வரி, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் மாதங்களைக் கழிக்க வேண்டும். கடனுக்கு எட்டு சதவீதத்தை ஒட்டிக் கட்ட வேண்டியிருக்கும். நடுவில் இருக்கும் ஐந்து சதவீதத்தை எங்கிருந்து கொண்டுவருவீர்கள் என்று கேட்டேன்.

"இடத்துக்கு விலை ஏறாதா மாமா?"

"ஃபிளாட்டில் உங்கள் பங்குக்கு எத்தனை சதுர அடி மனை வருகிறது?"

கேட்டுச் சொல்வதாக வைத்திருக்கிறார்.