ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்து கொடுக்காதீர்கள்: முதியோரின் சிறுநீர்த் தொற்றில் நடக்கும் தவறுகள்

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ எழுபது வயது தாண்டியிருக்கும். மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டில் சிறுநீரில் 'பஸ் செல்' (சீழ் அணுக்கள்), 'பாக்டீரியா' என்று இருக்கும். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். எனக்கு அதிக வருத்தம் தருவது இந்தத் தவறுதான். வயதானவர்களின் சிறுநீர்ப்பையில் கிருமிகள் எந்தத் தொல்லையும் தராமல் தங்கியிருப்பது சகஜம். முதியோர் இல்லப் பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கு இப்படி உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் சிறுநீர் போக டியூப் போட்டிருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். அறுவை சிகிச்சை ஏதும் சிறுநீர்ப் பாதையில் செய்யப்போவதில்லை என்றால், தொந்தரவு இல்லாத கிருமிக்கு மருந்து வேண்டாம் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். சிறுநீர் நாறுகிறது, கலங்கலாகப் போகிறது என்பது மட்டும் தொற்றுக்கு அடையாளம் ஆகாது. தேவையில்லாமல் கொடுத்த மாத்திரையால் கிருமி பழகிப்போய், நிஜமாகத் தொற்று வரும் நாளில் அதே மாத்திரை கேட்காது.

அதற்காக அலட்சியமாகவும் இருக்க முடியாது. நேற்றுவரை நன்றாகப் பேசிய பாட்டி இன்று பேரனைத் தெரியாமல் விழித்தால், "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் ஒரே நாளில் வருவதில்லை. அதே சமயம் பழியை உடனே சிறுநீர் மேல் போடுவதும் தவறு. சோடியம் குறைந்திருக்கலாம், சுகர் இறங்கியிருக்கலாம், நிமோனியாவாக இருக்கலாம், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரையாகவும் இருக்கலாம். சில நாள் மலம் போகாததே சிலரைக் குழப்பிவிடும். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தொற்று என்று டாக்டர் சந்தேகித்தால், முதல் மாத்திரைக்கு முன்பே யூரின் கல்ச்சருக்கு, அதாவது சிறுநீரில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். டியூப் போட்டவர்களுக்கு, அதோடு மாட்டியிருக்கும் பையில் தேங்கியதை எடுக்கக் கூடாது. போன தடவை மீந்த மாத்திரையைக் கொடுப்பதும் வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சில மருந்துகள் ஆகாது, சிலவற்றின் அளவைக் குறைக்க வேண்டும்.

ராத்திரி எழுந்திருக்க பயந்து பலர் நாள் முழுக்கத் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொண்டால் போதும். இதய, சிறுநீரக நோயாளிகள் டாக்டர் சொன்ன அளவை மீற வேண்டாம். நீர்க்கடுப்பைச் 'சூடு' என்று நினைத்து இளநீரிலேயே நாள் கடத்துவதும் வேண்டாம்.

அப்புறம், கூச்சம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், பிறப்புறுப்பில் போடும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாகவே உதவும். ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் நம் வீட்டுப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க முதுகு வலி, வாந்தி, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.