கடற்கரைப் பக்கம் வீடு பார்க்கிறவர்களுக்கு: அட்வான்ஸும் உப்புக்காற்றும்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து சென்னைக்கு வந்து, திருவான்மியூரை அடுத்த கொட்டிவாக்கத்தில் குடியேறி நான்கு வருடம் ஆகிறது. இந்தப் பக்கம் வீடு தேடும் மலேசியக் குடும்பங்கள் அடிக்கடி என்னிடம் விசாரிக்கிறார்கள். போன மாதம் ஈப்போவிலிருந்து வந்த ஒரு தம்பி, நான் ஏமாந்த அதே மாதிரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இருந்தார். பேனாவை எடுக்கும் முன் எனக்கு போன் செய்ததால் தப்பித்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது என்பதால் எழுதுகிறேன்.

காகித வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். விசாவில் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையம் வழியாகப் பதிய வேண்டும். ஓ.சி.ஐ. என்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை உள்ளவர்களுக்கு அது தேவையில்லை. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான். புரோக்கர் வழியாகப் போனால் அவருக்கு ஒரு மாத வாடகை. ஈபி பில், அதாவது கரண்ட் பில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டரா என்று பாருங்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே கணக்குப் போட்டு வாங்கினால், முதல் 100 யூனிட் இலவசம் என்ற அரசு சலுகை உங்கள் கைக்கு வராது.

தண்ணீரைக் கட்டாயம் கேளுங்கள். கடலை ஒட்டிய தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. மெட்ரோ வாட்டர் என்ற அரசுக் குடிநீர்க் குழாய் இருக்கிறதா, லாரித் தண்ணீரை சம்ப் என்ற தரையடித் தொட்டியில் இறக்குகிறார்களா, அதற்குத் தனிக் காசா என்று கேட்டுவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். குடிக்க எப்படியும் கேன் தண்ணீர்தான்.

இன்னொன்று. சில ஓனர்கள் "சைவம் மட்டும்" என்பார்கள், அது அவர்கள் வீடு, விட்டுவிடலாம். "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டால் அது சாதியைக் கேட்பது. எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்துக்குப் போய் மூன்று தலைமுறை ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. அப்படிக் கேட்ட இரண்டு வீடுகளில் படியிறங்கி வந்துவிட்டேன். நீங்களும் வந்துவிடுங்கள், வேறு வீடு கிடைக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் மலேசியாவில் இரண்டு மாத டெபாசிட், கரண்டுக்கும் தண்ணீருக்கும் அரை மாதம், அத்தோடு சரி. இங்கே அட்வான்ஸ் என்று பத்து மாத வாடகை கேட்பது நெடுநாள் பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி 3 மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். நான் 28,000 ரூபாய் வாடகைக்கு 2,80,000 கொடுத்தேன். கொடுத்தது போதாதென்று, "காலி செய்யும்போது வீடு வந்த நிலையில் இருக்க வேண்டும்" என்ற வரியின் கீழும் கையெழுத்துப் போட்டேன். நியாயமான வரிதானே என்று தோன்றியது.

அந்த வீடு கடலிலிருந்து இரண்டாவது தெரு. மத்தியானம் தொடங்கும் கடற்காற்று ராத்திரி வரை நிற்காது. அந்தக் காற்றில்தான் உப்பு வருகிறது. ஒரு வருடத்தில் ஜன்னல் கிரில்லில் பெயிண்ட் கொப்புளித்தது. இரண்டாவது வருடம் ஏசி குளிரவில்லை. மெக்கானிக் மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத் தகடுகளைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். அப்பளம் போல நொறுங்கிக் கொட்டியது. "அக்கா, இது நேத்து வந்த துரு இல்ல. நீங்க வர்றதுக்கு முன்னாடியே அரிச்சுடுச்சு" என்றார்.

ஓனரிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. மூன்றாவது வருடம் காலி செய்தபோது இரண்டு அவுட்டோர் யூனிட்டுக்கு 36,000, கிரில்லுக்கு 14,000, பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகை 28,000 பிடித்துக்கொண்டார். மொத்தம் 78,000 ரூபாய். மிச்சமும் நான்கு மாதம் கழித்துத்தான் வந்தது. "மலேசியாக்காரங்க, உங்களுக்கு இதெல்லாம் ஒரு காசா" என்று அவர் சொன்னதுதான் இன்னும் சுடுகிறது. ரிங்கிட் மரத்தில் காய்ப்பதில்லை.

சட்டத்தைப் பிறகுதான் படித்தேன். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள்தான் நமக்கு. புழக்கத்தில் வரும் இயல்பான தேய்மானத்துக்கு வாடகைக்காரர் பொறுப்பில்லை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். இத்தனையும் இருந்தும், வீடு எந்த நிலையில் கைக்கு வந்தது என்று காட்ட என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. நம் ஊரில் சாவி தரும்போதே சாமான் பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்துப் போடுவோம். இங்கே யாரும் போடவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் சாவி வாங்கும் நாளில் நல்ல வெளிச்சத்தில் போங்கள். ஏசியின் அவுட்டோர் யூனிட்டைப் பின்பக்கமிருந்து, கிரில்லின் கீழ் மூலைகளை, கேட்டின் கீலை, கீசரின் அடிப்பக்கத்தை, ஃபேன் இறக்கையைப் படம் எடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸாப்பில் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் "உப்புக்காற்றால் வரும் துருவும் தேய்மானமும் வாடகைதாரர் பொறுப்பல்ல" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பெயிண்டிங்குக்குப் பிடிப்பதானால் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற ஓனரிடம் பத்து மாத அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறாய் என்று கேட்பீர்கள். விடிகாலையில் மீனவர் குப்பத்துப் பக்கம் படகு கரையேறும்போது, நாம் தெங்கிரி என்று சொல்லும் வஞ்சிரம் ஈரம் காயாமல் கிடைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும்; நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் ராத்திரியெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுவார்கள். மலேசியாவின் மேற்குக் கரையில் இருக்கும் மோரிப்பில் அப்பாவோடு உட்கார்ந்து கடலில் சூரியன் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே சூரியன் கடலிலிருந்து எழுகிறது, மறைவது நகரத்துக்குள். சாயங்காலம் கடற்கரைக்குப் போனால் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வருவது எனக்கு இன்னும் பழகவில்லை.

இப்போதைய வீடு கடலிலிருந்து ஏழாவது தெரு, அட்வான்ஸ் மூன்று மாதம். ஓனர் அம்மா நான் எழுதிப்போன பட்டியலைக் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். "கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளும் துருதான், அதையும் எழுதிக்கோம்மா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.