சிவப்பு மையல்ல, சிலந்தி நரம்பு

கரும்பலகை முன் நின்றே 22 ஆண்டுகளைக் கழித்த ஆசிரியை நான். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது, இடது முழங்காலுக்குப் பக்கத்தில் சிவப்பாகச் சில கோடுகள் தெரிந்தன. விடைத்தாள் திருத்திய மை ஒட்டியிருக்கிறது என்று எண்ணி சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மை போகவில்லை.

சிலந்தி நரம்பு என்று சொல்கிறோமே தவிர, இதற்கும் நரம்புக்கும் தொடர்பில்லை. தோலை ஒட்டி விரிந்துபோன நுண்ணிய இரத்தக் குழாய்கள் இவை. தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விரலால் அழுத்தினால் மறைந்து, விரலை எடுத்ததும் திரும்பிவிடும். முறுக்கிய கயிறுபோலப் புடைத்துக் கையில் தட்டுப்பட்டால் அது வெரிகோஸ். பரம்பரை, கர்ப்பம், ஹார்மோன் மாற்றம், வயது, நெடுநேரம் நிற்கும் வேலை எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. கர்ப்ப காலத்தில் வந்தவை பிரசவத்துக்குப் பின் தாமாகவே மங்குவதும் உண்டு. அதுவரை, இவற்றை மூடவைக்கும் மருந்து ஊசி வேண்டாம். எனக்கு மங்கவில்லை.

களிம்பு பூசினேன். தோல் வழவழப்பானது, கோடு அப்படியே இருந்தது. பிறகு நேராக ஊசி போட்டுக்கொண்டேன். சில மாதங்களில் அதே இடத்தில் புது வலை! வேறொரு மருத்துவர் என்னை நிற்கவைத்து, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தபோதுதான் காரணம் தெரிந்தது. காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகளில் ஒருவழிக் கதவுபோல வால்வுகள் இருக்கின்றன. எனக்கு ஆழத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லை. இரத்தம் கீழே திரும்பித் தேங்கி, மேலிருக்கும் குழாய்களை விரித்துக்கொண்டே இருந்தது. ஒழுகும் கூரையை விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறேன். கால் கனத்தாலோ, மாலையில் வீங்கினாலோ, கணுக்கால் அருகே தோல் கருத்தாலோ ஊசிக்கு முன் இந்த ஸ்கேனைக் கேட்டு வாங்குங்கள்.

ஆழத்துக் கோளாற்றைச் சரிசெய்த பிறகு மறுபடி ஊசி. மயிரிழை போன்ற ஊசி, எறும்பு கடித்த அளவு வலி. பாலிடோகனால் என்ற மருந்து உள்ளே போகும்போது சிவப்புக் கோடு கண்ணெதிரே வெளிறும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சில நிமிடங்களில் கொசுக்கடிபோலத் தடித்துச் சிவக்கும். மருந்து குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி ஒட்டவைக்கிறது, பிறகு உடல் அதை மெல்லக் கரைத்துவிடுகிறது. பலன் தெரிய 3 முதல் 6 வாரங்கள் ஆகும், ஒரு தடவையில் முடிவதும் அரிது. எனக்குப் பழுப்புக் கறை பல மாதங்கள் இருந்தது. ஊசி போட்ட அன்றே நடக்கச் சொல்வார்கள், நடந்துவிடுங்கள். முன்பு இரத்தக்கட்டியோ ஒவ்வாமையோ இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

முகத்தில் இருப்பவற்றுக்குப் பெரும்பாலும் லேசர்தான். கருநிறத் தோல் லேசர் ஒளியை அதிகம் உறிஞ்சுவதால் தீப்புண்ணும் தழும்பும் ஏற்படலாம். நம்மைப் போன்ற தோலில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அழுத்தக் காலுறை, ஏற்கெனவே வந்த கோடுகளை அழிக்காது, கால் கனத்தைக் குறைக்கும். காலையில் படுக்கையை விட்டு இறங்குமுன், கால் வீங்காதபோதே மாட்ட வேண்டும். குதிகால்வரை உள்பக்கத்தை வெளியே திருப்பிக்கொண்டால் எளிதாக ஏறும். காலுக்குப் போகும் தமனியில் அடைப்புள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அணியக்கூடாது. வகுப்பில் பிள்ளைகள் எழுதும் நேரத்தில் நான் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவேன். கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும். பின்வரிசையில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். குழாய் உடைந்து இரத்தம் வந்தால் படுத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

வலது தொடையில் இன்னும் ஒரு சின்ன வலை இருக்கிறது. வலியில்லை, ஸ்கேனிலும் குறையில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.