ட்ரிப்யூனல் ஆர்டரில் பிழையா? எம்.ஏ. போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் வியாபாரியாக இருந்தாலும் சரி, குடியாத்தத்தில் லுங்கி ஏவாரம் செய்பவராக இருந்தாலும் சரி, வருமான வரி வழக்கு ட்ரிப்யூனல் (வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்) வரை போனால் சென்னைக்குத்தான் போகணும். அங்கே ஆர்டர் பாதகமாக வந்துவிட்டால், "ஒரு எம்.ஏ. போட்டுப் பார்க்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். எம்.ஏ. என்றால் மிசலேனியஸ் அப்ளிகேஷன், ஆர்டரில் உள்ள பிழையைத் திருத்தச் சொல்லி அதே ட்ரிப்யூனலில் போடும் மனு. கட்டணம் ஐம்பதே ரூபாய் என்பதால் யோசிக்காமல் போட்டுவிடுகிறோம். எம்.ஏ.வால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரியாமல் போட்டு, கையில் இருந்த உயர் நீதிமன்ற வாய்ப்பையும் சிக்கலாக்கிக்கொள்வதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 254(2) பிரிவு ட்ரிப்யூனலுக்குத் தந்திருப்பது, வழக்குக் கட்டைப் பிரித்ததும் கண்ணில் படுகிற பிழையைத் திருத்தும் அதிகாரம். மணிக்கணக்கில் வாதாடித்தான் பிழை என்று காட்ட முடியுமென்றால் அது கண்ணில் படுகிற பிழை ஆகாது என்று வோல்கார்ட் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971லேயே சொல்லிவிட்டது. 2021 டிசம்பரில் ரிலையன்ஸ் டெலிகாம் வழக்கில் இன்னும் கறாராகச் சொன்னது: ஆர்டரே தப்பு என்று நினைத்தால் உயர் நீதிமன்றம் போங்கள், ட்ரிப்யூனல் தன் ஆர்டரை ரத்து செய்துவிட்டு வழக்கை முதலிலிருந்து கேட்க முடியாது.

ஆகவே "எங்கள் பில்லை நம்பியிருக்க வேண்டும்" என்று பத்துப் பக்கம் எழுதாதீர்கள். வங்கியில் போட்ட ஒரே தொகையை இரண்டு தடவை கூட்டியிருக்கிறார்களா, நீங்கள் எழுப்பிய ஒரு கிரவுண்டை (மேல்முறையீட்டுக் காரணத்தை) தொடாமலே விட்டிருக்கிறார்களா, நீங்கள் காட்டிய முந்தைய தீர்ப்பைப் பார்க்காமல் போயிருக்கிறார்களா, அதை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது செல்லும் என்பதற்கு 2007இல் வந்த ஹோண்டா சீல் தீர்ப்பு இருக்கிறது. ஆர்டரின் பத்தி எண், பேப்பர் புக்கின் (நீங்கள் தாக்கல் செய்த ஆவணத் தொகுப்பின்) பக்க எண் இரண்டையும் போட்டால் இரண்டு பக்கம் போதும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, எம்.ஏ. முடியட்டும், அப்புறம் ஹைகோர்ட் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பது. ஆர்டர் கைக்கு வந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு போட வேண்டும், எம்.ஏ. நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் மன்னிப்பார்கள் என்று யார் உறுதி தருவது? சட்டக் கேள்வி இருக்கிறது என்று வக்கீல் சொன்னால் இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள். எம்.ஏ. போட்டதால் வரி வசூலும் நிற்காது.

எம்.ஏ.வுக்கும் கெடு உண்டு. முன்பு நான்கு வருடம் இருந்தது, 2016 ஜூன் 1 முதல் ஆறு மாதம், அதுவும் ஆர்டர் போட்ட மாதக் கடைசியிலிருந்து. மார்ச் 12ஆம் தேதி ஆர்டர் என்றால் செப்டம்பர் 30 கடைசி நாள். ஆர்டர் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணலாம் என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன, அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். கெடுவுக்குள் மனு போட்டுவிட்டால், ட்ரிப்யூனல் அதை அப்புறம் விசாரித்தாலும் செல்லும். ஸ்ரீ அய்யனார் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான்.

நீங்கள் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டியாக முடித்த ஆர்டர் என்றால் வழி வேறு. ட்ரிப்யூனல் விதி 24இன்படி, வராததற்குத் தகுந்த காரணம் காட்டினால் அந்த ஆர்டரை எடுத்துவிட்டு மறுபடி விசாரிப்பார்கள். "தவிர்க்க முடியாத சூழ்நிலை" என்று ஒரு வரி எழுதினால் எடுபடாது. ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி, நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருந்தால் அதற்கான அத்தாட்சி, கூடவே ஒரு அஃபிடவிட், இவற்றைச் சேர்த்தே கொடுங்கள்.